அழித்த கோப்பு எங்கே போகிறது?

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகும் மலைச்சாலையில் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சென்றால், 1953-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மாட்டுப்பட்டி அணை கண்ணுக்குத் தென்படுகிறது. பள்ளிவாசல் மின் நிலையத்துக்கு வேண்டிய தண்ணீரைச் சேமிப்பதற்காக எழுந்த அந்த அணையின்மேல் இன்று நிற்பவர்களில் பெரும்பாலோர் மின்சாரத்தைப் பற்றியோ, 1963-இல் சுவிட்சர்லாந்தின் ஒத்துழைப்போடு தொடங்கி 'சுனந்தினி' என்னும் கலப்பினப் பசு உருவாகக் காரணமாயிருந்த பக்கத்துக் கால்நடைப் பண்ணையைப் பற்றியோ சிந்திப்பவர்கள் அல்லர்; போடியிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து, ஏரியையும் தேயிலைச் சரிவுகளையும் பின்னால் நிறுத்திக் குடும்பத்தோடு படம் பிடித்துக்கொள்பவர்கள். எடுத்தவற்றில் கண் மூடியவை, கை ஆடியவை ஆகியவற்றை அங்கேயே நின்று கழித்துவிடுவதும், அந்த அவசரத்தில் ஒரு படத்தை அழிப்பதற்குப் பதிலாகக் கார்டிலுள்ள எல்லாப் படங்களையும் அழித்துவிட்டுத் திகைத்து நிற்பதும் இக்காலத்தில் சர்வசாதாரணமான சம்பவங்களாகிவிட்டன.

கேமராவின் திரை 'படம் எதுவும் இல்லை' என்று அறிவித்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணத்தில், மெமரி கார்டினுள் படங்களுக்கு உரிய பைட்டுகளில் அநேகமாக ஒன்றுகூட மாறியிருப்பதில்லை. படம் இருக்கிறது, அது இருக்கும் இடத்தைச் சொல்லும் கணக்கு மட்டும் போய்விட்டது. அந்தக் கணக்கை மறுபடி கண்டுபிடிப்பது சில வேளைகளில் எளிதாகவும், சில வேளைகளில் கடினமாகவும், சில வேளைகளில் எந்த நிபுணராலும் ஆகாததாகவும் இருப்பது ஏன் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பதிவேடும் நிலமும்

சேமிப்புச் சாதனம் எதுவாயினும், சுழலும் காந்தத் தட்டாயினும் சரி, விரல் நகத்தளவான கார்டாயினும் சரி, கணிப்பொறியின் பார்வையில் அது வரிசை எண்ணிட்ட சிறு சிறு இடங்களின் நெடிய தொடரேயாகும். பெரும்பாலும் 512 பைட்டு கொள்ளும் அந்த இடத்துக்குச் செக்டர் என்று பெயர். பல செக்டர்களைச் சேர்த்து ஒரே அலகாக ஒதுக்கும்போது அந்த அலகு கிளஸ்டர் எனப்படும். எந்தக் கோப்பு எந்தெந்தக் கிளஸ்டர்களில் கிடக்கிறது, எவை காலியாயிருக்கின்றன என்ற கணக்கைக் கிரமமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையே கோப்பு முறைமை என்கிறோம்.

நம் கிராமங்களில் சிட்டாவும் அடங்கலும் நிலத்துக்கு எத்தகையவையோ, அத்தகையவை இந்தக் கணக்குகள். குத்தகைக்காரர் ஒருவரின் பெயரை அடங்கலில் அடித்துவிட்டதனால் அவர் வைத்த வாழை அன்றைக்கே பட்டுப்போய்விடுவதில்லை. அந்த நிலத்தை இனி வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்ற நிலை மட்டுமே உண்டாகிறது. புதியவர் வந்து ஏர் பூட்டும் வரையில் பழைய பயிர் அங்கே நின்றுகொண்டுதான் இருக்கும். கோப்பை அழிக்கும்போது கணிப்பொறி செய்வதும் இவ்வளவே. புதியவர் எப்போது வருவார், வந்து எந்த மூலையில் உழத் தொடங்குவார் என்பதை மட்டும் நம்மால் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

இவ்வாறு அரைகுறையாக அழிக்கும் வழக்கம் சோம்பலினால் வந்ததன்று. சிக்கனத்தை உத்தேசித்து வேண்டுமென்றே வகுக்கப்பட்டது. 4 கிகாபைட் அளவுள்ள வீடியோ ஒன்றை முற்றிலும் துடைக்கவேண்டுமானால், அதை எழுதுவதற்குப் பிடித்த நேரமெல்லாம் துடைப்பதற்கும் பிடிக்கும். பதிவேட்டில் சில பைட்டுகளைத் திருத்துவதற்கோ கண் இமைக்கும் நேரம்கூட வேண்டியதில்லை. நாம் 'டெலிட்' என்று அழுத்திய மாத்திரத்தில் காரியம் முடிந்துவிடுவதன் ரகசியம் இதுவே. விண்டோஸில் உள்ள ரீசைக்கிள் பின்னோ இந்த அளவுக்கும் போவதில்லை. கோப்புக்கு வேறு பெயரிட்டு மறைவான ஓர் அடைவுக்குள் வைப்பதோடு அது நின்றுவிடுகிறது. அங்கிருந்து எடுப்பதற்கு வித்தை எதுவும் தேவையில்லையாதலால் அதை இவ்விடத்திலேயே விட்டுவிட்டு, உண்மையான அழிப்புக்கு வருவோம்.

ஒவ்வொரு முறைமையும் எதை மறக்கிறது?

கேமராக்களிலும் பழைய கணிப்பொறிகளிலும் நெடுங்காலம் ஆட்சி செய்தது, 1977-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பிறந்த ஃபேட் என்னும் முறைமை. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவில் 32 பைட்டு நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. பெயர், அளவு, தேதி, முதல் கிளஸ்டரின் எண் ஆகியவை அதில் இருக்கும். அடுத்தடுத்த கிளஸ்டர்களின் சங்கிலி தனியான ஓர் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும். கோப்பை அழிக்கும்போது பெயரின் முதல் எழுத்து இருந்த பைட்டில் 229 என்ற எண் இடப்படுகிறது. அட்டவணையிலுள்ள சங்கிலி முழுவதும் பூஜ்யமாக்கப்படுகிறது. அளவும் முதல் கிளஸ்டரின் எண்ணும் பெரும்பாலும் அப்படியே எஞ்சிவிடுகின்றன.

மாட்டுப்பட்டியில் எடுத்த 6 மெகாபைட் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்டின் கிளஸ்டர் 32 கிலோபைட் என்றால் அந்தப் படத்துக்கு 192 கிளஸ்டர்கள் வேண்டும். அழிந்த பதிவு, முதல் கிளஸ்டர் 5000 என்று சொல்லுமானால், மீட்கும் மென்பொருள் 5000 முதல் 5191 வரை வரிசையாக வாசித்து, இதுவே படம் என்று எடுத்துக் கொடுக்கிறது. புதிய கார்டில் கேமரா வரிசையாகவே எழுதிக்கொண்டு போவதால் இந்த ஊகம் அநேகமாகப் பலித்துவிடும். ஆனால் இடையிடையே படங்களை அழித்தும் எடுத்தும் பழகிய கார்டில், ஒரே படம் இரண்டு மூன்று துண்டுகளாகப் பல இடங்களில் சிதறிக் கிடக்கலாம். சங்கிலி பூஜ்யமாகிவிட்டபடியால் துண்டுகளின் வரிசையைச் சொல்ல அங்கே யாருமில்லை. அப்பொழுது மீண்டு வரும் படத்தில் மேற்பாதி ஏரியாகவும், கீழ்ப்பாதி யாரோ ஒருவருடைய திருமண மேடையாகவும் இருப்பதைக் காணலாம். 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கார்டுகளில் வழங்கும் எக்ஸ்ஃபேட் முறைமை இந்த விஷயத்தில் சற்றுத் தயவுடையது. அழிக்கும்போது அது பதிவின் வகையைக் குறிக்கும் பைட்டில் ஒரே ஒரு பிட்டை மட்டும் அணைத்துவிட்டு, பெயரையும் இடத்தையும் அளவையும் தொடாமல் விட்டுவிடுகிறது.

இந்த இடுக்கைக் கண்டுகொண்டு அதையே ஒரு தொழிலாக ஆக்கியவர் பீட்டர் நார்ட்டன். தவறுதலாகக் கோப்பொன்றை அழித்துவிட்ட அனுபவத்தின் விளைவாக அவர் எழுதிய அழிப்பு நீக்கி, 1982-இல் வெளிவந்த நார்ட்டன் யுட்டிலிட்டீஸ் தொகுப்பின் உயிர்நாடியாயிற்று. 1991-இல் வெளியான எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்போ 'அன்டெலிட்' என்ற கட்டளையைத் தானே தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அழித்ததை மீட்கலாம் என்ற நம்பிக்கை பொதுமக்களிடையே வேரூன்றியது அந்த ஆண்டுகளில்தான்.

1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ் முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் வழக்கமாக 1024 பைட்டு கொண்ட ஒரு பதிவு தலைமை அட்டவணையில் இருக்கிறது. கோப்பு மிகச் சிறியதானால் அதன் உள்ளடக்கமே அந்தப் பதிவுக்குள் குடியிருந்துவிடும். அழிக்கும்போது 'உபயோகத்தில் உள்ளது' என்ற குறி நீக்கப்படுகிறது. துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்ற பட்டியல் பெரும்பாலும் பதிவிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே சிதறிய கோப்பைக்கூட இங்கே முழுமையாக மீட்க வழியுண்டு. அந்தப் பதிவை வேறொரு புதிய கோப்புக்கு முறைமை கொடுத்துவிடாதிருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

லினக்ஸின் கதை விசித்திரமானது. அதன் எக்ஸ்ட்2 முறைமையில், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஐநோடு என்ற பதிவு, அழித்த பின்னும் இடங்களைச் சுட்டும் எண்களை வைத்துக்கொண்டிருந்தது, மீட்பது சுலபமாயிருந்தது. அதன் பின் வந்த எக்ஸ்ட்3, மின்சாரம் திடீரென்று நின்றாலும் கணக்கு குழம்பாதிருக்கவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, அழிக்கும்போதே அந்த எண்களைப் பூஜ்யமாக்கிவிடுகிறது. ஒரு வகைப் பாதுகாப்பு மற்றொரு வகைப் பாதுகாப்பைப் பலிகொண்டது என்று இதைச் சொல்லவேண்டும். 2008-ஆம் ஆண்டில் கார்லோ வுட் என்ற நிரலாளர், 3 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தம் சொந்த அடைவு முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டபோது, எக்ஸ்ட்3-இல் மீட்பு ஆகாது என்பதே பொதுவான அபிப்பிராயமாக இருந்தது. அவரோ, மாற்றங்களைச் செய்யுமுன் முறைமை எழுதி வைக்கும் குறிப்பேட்டில் பழைய ஐநோடுகளின் பிரதிகள் இன்னும் கிடப்பதைக் கவனித்து, அவற்றைத் தேடியெடுக்கும் 'எக்ஸ்ட்3கிரெப்' என்ற கருவியை எழுதித் தம் கோப்புகளை மீட்டார். பூஜ்யமாக்கிய எண்கள் மற்றோர் ஏட்டில் சிறிது காலம் பிழைத்திருந்தன. அந்தச் சிறிது காலம் அவருக்குப் போதுமானதாயிருந்தது.

பதிவேடே இல்லாதபோது

பதிவுகளெல்லாம் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். கார்டை முழுவதுமாக ஃபார்மட் செய்துவிட்டார்கள், அல்லது அடைவு சிதைந்துவிட்டது. அப்பொழுதும் ஒரு மார்க்கம் உண்டு. பெயரையும் கணக்கையும் மறந்துவிட்டு, சேமிப்பின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை உள்ளடக்கத்தையே வாசித்து, அதன் சாயலைக் கொண்டு கோப்புகளைப் பிரித்தெடுப்பது அந்த மார்க்கம். ஜேபெக் படம் எதுவாயினும் 255, 216, 255 என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கி, 255, 217 என்ற இரண்டு பைட்டுகளில் முடிகிறது. பிடிஎஃப் கோப்பு தன் பெயரையே தலையில் எழுதிக்கொண்டிருக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கும் 'ஃபோட்டோரெக்' முதலிய கருவிகள் இத்தகைய அடையாளங்களைக் கொண்டே வேலை செய்கின்றன.

கேட்பதற்கு எளிது, செய்வதில் இடர்கள் பல. கேமராப் படத்துக்குள் அநேகமாக ஒரு சிறு முன்னோட்டப் படமும் பொதிந்திருக்கிறது. அதுவும் ஜேபெக் ஆதலால், அதன் முடிவைப் பெரிய படத்தின் முடிவென்று எண்ணி விரல் நகத்தளவான படத்தோடு நின்றுவிடும் கருவிகள் உண்டு. மீண்ட கோப்புகளுக்குப் பெயர் கிடையாது. கோப்பு முறைமை வைத்திருந்த தேதியும் கிடையாது. ஆயிரக்கணக்கான படங்கள் வெறும் எண்களோடு வந்து குவியும். துண்டுபட்ட கோப்புகளில் முதல் துண்டு மட்டுமே கைக்கு அகப்படும். சிம்சன் கார்ஃபிங்கல் என்னும் ஆராய்ச்சியாளர் பழைய வன்தட்டுகளைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோப்புகள் பொதுவாக அவ்வளவாகச் சிதறியிருப்பதில்லை என்றும், ஆனால் தடயத்துக்கு முக்கியமான படங்களும் ஆவணங்களும் மின்னஞ்சல் பெட்டிகளுமே மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறியிருக்கின்றன என்றும் கண்டார். அடிக்கடி திறந்து திருத்தி வளர்க்கும் கோப்பே அதிகம் உடைகிறது. நாம் அதிகம் விரும்பித் தேடுவதும் அத்தகைய கோப்பையே.

தமிழ் எழுத்தைத் தேடும்போது

அழிந்த எழுத்தாவணத்தைத் தேடுபவருக்கு மொழியும் ஒரு பிரச்சினை. ஆங்கில உரையைத் தேடும் முறை உலகெங்கும் ஒன்றே. தமிழுக்கோ அத்தகைய சௌகரியம் நெடுநாள் வாய்க்கவில்லை.

இன்று வழங்கும் யூனிகோட் முறையில், யுடிஎஃப்-8 என்ற வடிவில் எழுதும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடத்தைக் கொள்கிறது. முதல் பைட்டு எப்போதும் 224; இரண்டாவது 174 அல்லது 175; மூன்றாவது மட்டுமே குறிக்குக் குறி வேறுபடும். 'ம' என்பது 224, 174, 174. 'மாட்டுப்பட்டி' என்ற ஏழெழுத்துச் சொல், புள்ளிகளையும் துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணுகையில் 13 குறிகளாகி, 39 பைட்டுகளில் அமர்கிறது. இதில் மீட்பவருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது: பெயரற்ற ஒரு செக்டரில் 224-உம் 174-உம் மூன்றுக்கு ஒரு முறை மாறி மாறி வருமானால், அங்கே தமிழ் உரை கிடக்கிறது என்று வாசிக்காமலே சொல்லிவிடலாம். ஒரு சங்கடமும் இருக்கிறது: 512 என்ற எண் மூன்றால் மீதியின்றி வகுபடுவதில்லை. ஆகையால் செக்டரின் விளிம்பில் ஒரு குறியின் இரண்டு பைட்டுகள் இந்தப் பக்கமும், ஒரு பைட்டு அந்தப் பக்கமுமாகப் பிளவுபடக்கூடும். அடுத்த துண்டு வேறெங்கோ கிடக்குமாயின், துண்டின் முதலிலும் ஈற்றிலும் பொருளற்ற சின்னங்கள் தோன்றும்.

அந்த மலைச்சரிவுகளின் அன்றாடச் சொல்லான 'கொழுந்து' என்பதைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். யூனிகோடிலேயே அதன் முதலெழுத்தை இரண்டு விதமாக எழுத இடமுண்டு: ஒகரத் துணைக்குறியை ஒரே குறியாக இடலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகப் பிரித்தும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தட்டிலோ முன்னது 24 பைட்டு, பின்னது 27 பைட்டு. யூனிகோடு பரவுவதற்கு முந்திய ஆவணங்களில் குழப்பம் இன்னும் அதிகம். பாமினி எழுத்துருவில் தட்டிய 'கொழுந்து' தட்டின்மேல் ஆறு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக, கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு வகுத்துக் கொடுத்த டாம், டாப் என்னும் குறியேற்றங்களிலும், இணையத் தமிழர் உருவாக்கிய திஸ்கியிலும் அதே சொல் வேறு வேறு எண்களாகும். தமிழ்நாட்டரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய தட்டுகள் பழைய மொழியிலேயே பேசுகின்றன. எனவே பழைய கணிப்பொறி ஒன்றில் அழிந்த தமிழ்க் கடிதத்தைத் தேடுபவர், ஒரே சொல்லை ஐந்தாறு வேஷங்களில் தேடவேண்டியவராகிறார். வேர்டு கோப்பாயின் மேலும் ஒரு திரை: 2007-க்குப் பிந்திய வேர்டு ஆவணங்கள் சுருக்கிக் கட்டப்பட்டவை ஆதலால், அவற்றில் எழுத்தின் சாயலே வெளியில் தெரிவதில்லை.

மூடிவரும் கதவுகள்

இதுவரை கூறியவை எல்லாம், புதியவர் வந்து எழுதும் வரையில் பழையது நிற்கும் என்ற ஒரே விதியை நம்பியவை. அந்த விதியையே மாற்றிவிட்டது எஸ்எஸ்டி என்னும் சில்லு வகைச் சேமிப்பு. காந்தத் தட்டில் பழைய எழுத்தின்மேல் நேரடியாகப் புதியதை எழுதலாம்; சில்லில் அப்படி எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய பகுதியை முழுவதுமாகத் துடைக்கவேண்டும். துடைப்பது மந்தமான வேலை. அதிலும் ஒவ்வொரு பகுதியையும் இத்தனை முறைதான் துடைக்கலாம் என்ற வரம்பு உண்டு. ஆகவே எந்த இடங்கள் இனி வேண்டாதவை என்பதைக் கணிப்பொறி முன்னதாகவே சாதனத்துக்குத் தெரிவித்துவிட்டால், ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்துத் தயாராக வைக்கலாமே என்ற யோசனை பிறந்தது. அவ்வாறு தெரிவிக்கும் 'டிரிம்' என்ற கட்டளையை 2009-இல் விண்டோஸ் 7-உம், அடுத்த ஆண்டில் லினக்ஸும் ஏற்றன. அதன் பலன்: கோப்பை அழித்த சிறிது நேரத்துக்கெல்லாம் அந்த இடத்தை வாசித்தால் பெரும்பாலும் பூஜ்யங்களே வருகின்றன.

இதைவிட விபரீதமான ஒன்றை ஆஸ்திரேலியாவிலுள்ள மர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல்லும் ரிச்சர்ட் பாடிங்டனும் 2010-இல் எடுத்துக்காட்டினர். விரைவு ஃபார்மட் செய்த எஸ்எஸ்டியொன்றை, வேறெதுவும் எழுதாமல் மின்சாரம் மட்டும் ஓடும்படி விட்டுவைத்தபோது, அந்தச் சாதனம் தானாகவே சில நிமிடங்களில் தன் பழைய உள்ளடக்கத்தில் ஏறத்தாழ எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. யாரும் கட்டளையிடவில்லை, சாதனத்தின் உள்ளேயிருந்த நிரல் தன் கடமையைச் செய்தது. தடயத்தைக் காப்பதற்காக அதற்கு மின்சாரம் கொடுப்பதே தடயத்தை நாசம் செய்யும் காரியமாகிவிட்டது.

கைப்பேசிகளில் மற்றொரு கதவும் மூடிவிட்டது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்தவை முதலான கைப்பேசிகளில் கோப்புகள் யாவும் மறையாக்கம் செய்தே சேமிக்கப்படுகின்றன. ஐபோனில் ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி. கோப்பை அழிக்கும்போது சாவியும் அழிந்துவிடுமாயின், சில்லின் மூலையில் எங்கேனும் பழைய பைட்டுகள் எஞ்சியிருந்தாலும், சாவியில்லாத அவை யாருக்கும் எக்காலத்திலும் பயன்படா. மாட்டுப்பட்டியில் கேமராக் கார்டில் எடுத்த படத்துக்கு இருக்கும் மறுபிறவி, அதே இடத்தில் கைப்பேசியின் உள்நினைவில் எடுத்த படத்துக்குப் பெரும்பாலும் இல்லாமற்போவதன் காரணம் இதுவே.

மேலெழுதியதைக்கூட மீட்கலாம் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உலவுகிறது. 1996-இல் எழுதிய கட்டுரையில் பீட்டர் குட்மன், அக்காலத்துத் தட்டுகளில் பழைய காந்தத்தின் சுவடு எஞ்சக்கூடும் என்று விளக்கி, அதைப் போக்க 35 முறை மேலெழுதும் முறையொன்றை வகுத்தார். அந்த எண் மட்டும் ஜனங்களின் ஞாபகத்தில் தங்கிவிட்டது. அடர்த்தி மிகுந்த இன்றைய தட்டுகளில் ஒரு முறை மேலெழுதினாலே போதும் என்பதுதான் 2014-இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியின் முடிவு. மேலெழுதப்பட்ட கோப்பு போனது போனதுதான்.

நீதிமன்றத்தின் வாசலில்

மீட்பது ஒன்று, மீட்டதை நம்பச் செய்வது வேறொன்று. குற்ற வழக்குகளில் அழித்த கோப்புகளே முக்கியமான சாட்சிகளாக அமைவதால், திருவனந்தபுரத்திலுள்ள சி-டாக் நிறுவனத்தின் சைபர் தடயவியல் வள மையம், தட்டின் பிரதியை எடுப்பதற்கு 'ட்ரூபேக்' என்றும், அந்தப் பிரதியை ஆராய்வதற்குச் 'சைபர்செக்' என்றும் உள்நாட்டுக் கருவிகளை உருவாக்கியிருக்கிறது. இவற்றின் முதல் விதி, மூலத் தட்டைத் தொடாதே என்பது. அதன் ஒவ்வொரு செக்டரையும், காலியென்று கருதப்படும் செக்டர்கள் உட்பட, பிட்டுக்குப் பிட்டு பிரதி செய்து, மூலத்துக்கும் பிரதிக்கும் ஹாஷ் என்னும் கணித முத்திரையைக் கணக்கிட வேண்டும். ஒரு பிட் மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். இரண்டும் ஒத்திருந்தால் பிரதி நேர்மையானது.

2011-ஆம் ஆண்டுக் கேரள சட்டமன்றத் தேர்தலில் ஏறநாடு தொகுதியைப் பற்றி எழுந்த வழக்கில், பேச்சுகளையும் பாடல்களையும் பதிவு செய்த குறுந்தகடுகள் சாட்சியாகக் கொண்டுவரப்பட்டன. 2014 செப்டம்பர் 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அன்வர் எதிர் பஷீர் என்ற அந்த வழக்கில், உரிய சான்றிதழ் இல்லாத மின்னணுப் பிரதியைச் சாட்சியாக ஏற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் குறிப்பிடவேண்டும். மின்சாரம் கொடுத்தாலே தன்னைத் தான் மாற்றிக்கொள்ளும் எஸ்எஸ்டிக்கும், ஒரு பிட்டும் மாறலாகாது என்னும் சட்டத்துக்கும் இடையிலுள்ள முரண்பாட்டை, தடயவியலாளர்கள் இன்று அன்றாடம் எதிர்கொள்கின்றனர்.

மீட்க விரும்புகிறவர்களும் மறைக்க விரும்புகிறவர்களும்

கோப்பு அழியாதிருப்பது எப்போதும் நன்மையென்று எண்ணிவிடலாகாது. சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷேலட்டும் பழைய பொருள்கள் விற்கும் இடங்களில் 158 வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். வாசிக்க முடிந்த 129 தட்டுகளில் 12 மட்டுமே ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தன. மற்றவற்றில் கடன் அட்டை எண்களும் மருத்துவக் குறிப்புகளும் சொந்தக் கடிதங்களும் கிடந்தன. சென்னை ரிச்சி தெருவில் பழைய வன்தட்டு விற்பவரும் வாங்குபவரும் இதை ஞாபகத்தில் வைப்பது நல்லது. வேண்டியதை இழந்தவருக்கும் வேண்டாததை ஒழிக்க முனைபவருக்கும் ஒரே இயற்கை எதிரெதிரான முகங்களைக் காட்டுகிறது. டிரிம்மும் மறையாக்கமும் முன்னவருக்குத் தீங்காகவும் பின்னவருக்கு அரணாகவும் நிற்கின்றன. பொறியியலின் போக்கு பின்னவர் பக்கமே சாய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

எனவே வாசகர் நினைவில் வைக்கவேண்டிய விதிகள் சிலவே. கோப்பை அழித்துவிட்டோம் என்று உணர்ந்த மாத்திரத்தில் அந்தச் சாதனத்தில் எழுதுவதை நிறுத்திவிடவேண்டும். கேமராவாயின் இன்னொரு படம்கூட எடுக்காமல் கார்டைக் கழற்றிவிடவேண்டும். மீட்கும் மென்பொருளை அழிந்த கோப்பு இருந்த அதே தட்டில் நிறுவுவது மிகப் பெரிய பேதைமை. காப்பாற்ற வந்த மென்பொருளே, காப்பாற்றவேண்டிய கோப்பின்மேல் ஏறி அமர்ந்துவிடும். முதலில் முழுப் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில் தேடி, கிடைத்ததை மூன்றாவது ஒரு சாதனத்தில் சேமிக்கவேண்டும். தட்டிலிருந்து 'டக் டக்' என்று ஓசை கேட்டாலோ, அது தண்ணீரில் நனைந்திருந்தாலோ, மின்சாரம் கொடுக்காமல் அதற்குரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும்.

இவையெல்லாம் இழந்த பின் செய்யவேண்டியவை. இழக்குமுன் செய்யவேண்டியது ஒன்றே: பிரதி வைத்திருப்பது, அந்தப் பிரதி உண்மையில் திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பது. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லாப் என்ற நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான கணிப்பொறியில் கட்டளையிட்டு, ஏறத்தாழ 300 கிகாபைட் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புப் பிரதி எடுப்பதற்கென்று அங்கே ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட சமயத்தில் அவற்றுள் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. வேறொரு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு பிரதியே அந்த நிறுவனத்தைக் காத்தது. நிபுணர்களுக்கே கதி இதுவென்றால், நம்மைப் போன்ற சாமானியர்கள் மீட்பு வித்தையை நம்பி இருந்துவிடுவது புத்திசாலித்தனமாகாது. இன்றைக்கு மாலைக்குள் உங்கள் கைப்பேசியிலுள்ள படங்களுக்கு வேறோரிடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எடுத்ததில் ஏதேனும் ஒரு படத்தைத் திறந்தும் பாருங்கள்.